வீட்டில் கட்டிய கிட் கார்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

கம்பெனியில் செய்த கார் மக்கர் பண்ணினால், பெரும்பாலும் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கும் அல்லது உடைந்திருக்கும். கிட்டாக, அதாவது பாகங்களின் தொகுப்பாக வாங்கி வீட்டில் கட்டிய கார் அப்படியல்ல. கோப்ரா என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரின் நகல் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். சேஸிஸும் ஃபைபர் பாடியும் கிட் செய்தவருடையது. எஞ்சினும் கியர்பாக்ஸும் டோனர் காரிலிருந்து, அதாவது உதிரிக்காகப் பிரித்த பழைய காரிலிருந்து வந்தவை. ஸ்டியரிங் ராக் வேறொரு சின்னக் காருடையது, பெடல் பாக்ஸ் இன்னொருவர் விற்றது. தனித்தனியே பார்த்தால் எல்லாமே நல்ல சாமான்தான். அவை ஒன்றோடொன்று சேரும் இடத்தில்தான் வம்பு. அதனால் கோளாறு தெரிந்ததும் புது உதிரிக்கு ஆர்டர் போடாதீர்கள். இந்த இடத்தில் எந்த இரண்டு சாமான் சேர்கின்றன, அவற்றுக்கிடையே அளவு, கோணம், மின்தொடர்பு சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பாடியை ஏற்றும் முன்பே வெறும் சேஸிஸில் எஞ்சினை ஓட்டி, பிரேக் பிடித்து, போக்குவரத்து இல்லாத இடத்தில் நாலு சுற்று ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. கீழே சொல்லப்படும் வேலைகளில் பாதி, பாடி இல்லாதபோது ஒரு மணி நேரத்தில் முடியும். பாடி ஏறிவிட்டால் ஒரு நாள் பிடிக்கும். கையில் வேண்டியவை: மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் பல்பு, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ், கோணம் காட்டும் டிஜிட்டல் லெவல், குறித்த பலத்துக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச். காருக்கு அடியில் போவதென்றால் ஸ்டாண்ட் மேல் நிறுத்திவிட்டுத்தான். ஜாக்கியை நம்பி யாரும் படுக்கக் கூடாது. முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும், அல்லது ஸ்டார்ட்டர் முக்கி முனகிச் சுற்றுகிறது

பழி எப்போதும் பேட்டரி மேல் விழும். பெரும்பாலும் குற்றவாளி எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங் அடித்திருக்கிறது. இரண்டுமே மின்சாரத்தைக் கடத்தாது. தனியாக எர்த் பட்டை போடாவிட்டால், ஸ்டார்ட்டர் இழுக்கும் சில நூறு ஆம்பியர் கிடைத்த வழியில் திரும்பும்: ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாக, எஃகு வலை பின்னிய கிளட்ச் ஹோஸ் வழியாக, பெட்ரோல் ஹோஸின் வலை வழியாகக்கூட. நாலைந்து முறை ஸ்டார்ட் செய்தபின் ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டால் சுடுகிறதா? அதற்குமேல் சோதனையே தேவையில்லை, எர்த் இல்லை. அதை அப்படியே விட்டால் ஒரு நாள் ஹோஸ் பற்றிக்கொள்ளும்.

சுடவில்லை என்றால் அளந்து பாருங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமலிருக்க இக்னிஷன் காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, மூன்று இடத்தில் மீட்டர் வைக்க வேண்டும்.

1. பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே. 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.
2. சிவப்பு முனை எஞ்சின் பிளாக்கில், கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டது.
3. பேட்டரி பாசிட்டிவுக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே. இங்கும் அரை வோல்ட்தான் எல்லை.

பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராகக் கியர்பாக்ஸ் பெல்ஹவுசிங் (கிளட்ச்சை மூடும் கூடு) போல்ட்டுக்கு 35 சதுர மி.மீ. கேபிள் ஒன்று போடுங்கள். பேட்டரி டிக்கியில் இருந்தால் 50 எடுப்பது உத்தமம். எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கு இன்னொரு பட்டை வேண்டும். சேஸிஸில் காசளவு இடத்தைப் பளபளவென்று சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, அதற்குப் பிறகு மேலே பெயின்ட் பூசுங்கள். முதலில் பெயின்ட் அடித்துவிட்டு அதன்மேல் எர்த் மாட்டினால் பழைய கதைதான்.

குளிர்ந்திருக்கும்போது நன்றாகச் சுற்றி, அரை மணி ஓட்டி நிறுத்தியபின் ‘டக்’ என்றால் மட்டும் காரணம் வேறு. ஸ்டார்ட்டருக்கு அருகே எக்ஸாஸ்ட் குழாய் போகிறது. சூட்டில், ஸ்டார்ட்டரை இணைக்கும் மின்காந்தமான சோலினாய்டின் சுருளில் தடை கூடுகிறது. டோனர் காரின் பழைய மெல்லிய ஒயரும் சாவி ஸ்விட்ச்சும் வழியிலேயே வோல்ட்டை விழுங்குகின்றன. சோலினாய்டுக்குத் தனி ரிலே, நடுவே ஒரு வெப்பத் தகடு. இரண்டும் போட்டால் தீரும்.

இன்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுங்குகிறது. ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

இதுவும் எர்த்தின் விளையாட்டுதான். டோனர் காரில் விளக்கை இரும்பு பாடியில் திருகியதும் எர்த் கிடைத்துவிட்டது. ஃபைபர் பாடியில் அது கிடையாது. ஒரு விளக்கின் கரண்ட் திரும்ப வழியில்லாமல் பக்கத்து விளக்கின் இழை வழியாக ஓடுகிறது. ஒவ்வொரு விளக்குக்கும் 1.5 சதுர மி.மீ. எர்த் ஒயர் தனியாக இழுத்து, முன்னால் ஒரு போல்ட், பின்னால் ஒரு போல்ட், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு போல்ட் என்று மூன்று இடத்தில் சேருங்கள். எந்த விளக்கு என்று சந்தேகம் வந்தால், பேட்டரி நெகட்டிவிலிருந்து நீளமான ஒயர் ஒன்றை எடுத்து விளக்கின் கூட்டில் தொடுங்கள். கோளாறு மறைந்தால் அதுதான்.

இன்டிகேட்டர் படபடவென்று வேகமாக அடித்தால், எல்.இ.டி. பல்புக்குப் பழைய ஃபிளாஷர் ஒத்துவரவில்லை என்று பொருள். எலக்ட்ரானிக் ஃபிளாஷர் மாற்றினால் போதும்.

எஞ்சின் ஓடுகிறது, பேட்டரி ஏறவில்லை. அல்லது சாவியை அணைத்தும் எஞ்சின் நிற்கவில்லை

இரண்டுக்கும் சார்ஜ் வார்னிங் விளக்கைப் பாருங்கள். பல ஆல்டர்னேட்டர்கள் விழித்துக்கொள்ள அந்தச் சின்ன 2.2 வாட் பல்பு வழியாக வரும் கரண்ட் வேண்டும். அழகுக்காக எல்.இ.டி. போட்டால் அந்தக் கரண்ட் போதாது. ஐடிலில் 12.4 வோல்ட், ரேஸ் கொடுத்து 2500 ஆர்.பி.எம். தாண்டினால் திடீரென்று 14 ஆகிறது என்றால் இதுதான் காரணம். எல்.இ.டி.க்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேருங்கள். ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரவேண்டும்.

சாவியை அணைத்தும் ஓடினால், அதே விளக்கின் வழியாக ஆல்டர்னேட்டரிலிருந்து இக்னிஷனுக்குக் கரண்ட் பின்வாங்குகிறது. விளக்கு ஒயரில் 1 ஆம்பியர் டையோடு ஒன்று அதை அடைக்கும். ரேடியேட்டர் ஃபேனை இக்னிஷன் லைனில் நேராக இணைத்திருந்தாலும் இப்படி நடக்கும். சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் மோட்டார் சில நொடிகள் ஜெனரேட்டராக மாறிவிடும். ஃபேனின் கரண்ட் ரிலே வழியாகப் பேட்டரியிலிருந்து வரட்டும்.

எஞ்சின் உதறுகிறது, கார்புரேட்டரில் வெடிக்கிறது

ஃபோர்டு சிறிய வி8 வைத்துக் கட்டுபவர்களுக்கு இது அடிக்கடி வரும். பழைய 302 எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை, 1-5-4-2-6-3-7-8. 351 விண்ட்சருக்கும் பின்னால் வந்த 5.0 ஹெச்.ஓ. எஞ்சினுக்கும் 1-3-7-2-6-5-4-8. இதைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் கேம்ஷாஃப்ட். வால்வு மூடியில் எழுதியிருப்பது எதையும் நிரூபிக்காது. யாராவது கேம் மாற்றிய பழைய எஞ்சினை வாங்கியிருந்தால் இரண்டையும் போட்டுப் பாருங்கள். சிலிண்டர் எண்ணும் கவனம்: ஃபோர்டில் டிரைவர் பார்வைக்கு வலப்பக்கம் முன்னிருந்து 1 முதல் 4, இடப்பக்கம் 5 முதல் 8. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும். ஷெவ்ரலே பழகிய கை இந்த மூன்றிலும் தவறும்.

ஒரேயடியாக ஸ்டார்ட் ஆகாமல் கார்புரேட்டர் வழியே தீப்பொறி மட்டும் வந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் அரைச் சுற்று மாறி உட்கார்ந்திருக்கலாம். முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, துளையில் விரலை வைத்து, கிராங்க்கைக் கையால் திருப்புங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வரும்போது டைமிங் குறி பூஜ்யத்துக்கு வரவேண்டும். அப்போது ரோட்டர் முதல் ஒயரைப் பார்க்க வேண்டும். காற்று தள்ளாமல் குறி மட்டும் வந்தால் அது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று தெரிய, குளிர்ந்த எஞ்சினை ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு ஹெடர் குழாய்களில், அதாவது சிலிண்டருக்கு ஒன்றாக வரும் எக்ஸாஸ்ட் குழாய்களில், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டுங்கள். சூடேறாத குழாய் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்.

பதினைந்து இருபது நிமிடம் ஓடியபின் மூச்சுத் திணறி நிற்கிறது

பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் டேங்க்குக்கு வென்ட் இல்லை, அல்லது வென்ட் குழாய் பாடிக்கடியில் நசுங்கியிருக்கிறது. டோனர் காரில் மூடியே வென்ட்டாக இருந்திருக்கும். பளபளக்கும் அலுமினிய ரேஸிங் மூடியில் அது இருக்காது.

பம்ப் தள்ளத்தான் லாயக்கு, இழுக்க அல்ல. எலக்ட்ரிக் பம்ப்பை எஞ்சின் பக்கம் வைத்தால் சத்தமும் போடும், வெயிலில் பெட்ரோல் ஆவியாகி நிற்கவும் செய்யும். டேங்க்குக்கு அருகே, டேங்க்கின் அடிமட்டத்துக்கு இணையாக அல்லது கீழே வையுங்கள். கறுப்புப் புகை, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகல் என்றால் எதிர்க் கோளாறு: இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் தள்ளுகிறது. ஹோலி கார்புரேட்டருக்கு 5 முதல் 7, வெபர் டி.சி.ஓ.இ. கார்புரேட்டருக்கு 3 பி.எஸ்.ஐ. அளவில் போதும். ரெகுலேட்டர் போட்டால் மட்டும் நம்பாமல், கேஜ் மாட்டி அளந்து பாருங்கள்.

வளைவில் மட்டும் திணறினால் டேங்க்குக்குள் தடுப்புத் தகடு இல்லை. இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்கு ஒன்று ஒன்றரை லிட்டர் சுழல் பாத்திரம் தனியே வைப்பார்கள்.

சூடேறுகிறது

எப்போது சூடேறுகிறது என்பதில்தான் பாதி விடை. நின்றால் ஏறி, ஓடினால் இறங்கினால் ஃபேன். ஒரு தாளை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடியுங்கள், ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து விழுந்தால் ஃபேன் ஒயர் தலைகீழ், காற்று முன்னோக்கி ஊதப்படுகிறது. ஒட்டியும் சூடேறினால் ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட், அதாவது காற்றை வழிநடத்தும் கூடு வேண்டும்.

நின்றால் பரவாயில்லை, வேகத்தில் ஏறுகிறது என்றால் ஃபேனைத் தொடாதீர்கள். மூக்கில் நுழையும் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடுகிறது. மூக்கு வாய்க்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள சந்துகளை அலுமினியத் தகடாலும் ஃபோமாலும் அடைத்துவிட்டால் அதே ரேடியேட்டர் போதுமானதாகிவிடும். கீழ் ஹோஸையும் கவனியுங்கள். அதிக ஆர்.பி.எம்.மில் பம்ப் உறிஞ்சும் வேகத்தில் மெல்லிய ஹோஸ் உள்ளே சப்பையாகி நீரோட்டத்தை அடைக்கும். உள்ளே ஸ்பிரிங் வேண்டும். டைமிங் பின்தங்கியிருந்தாலும் சூடேறும். அப்போது ஹெடர் குழாய்களும் சிவக்கும்.

இரண்டு நிலையிலும் ஏறினால் காற்று அடைப்பு. இந்தக் கார்களில் எஞ்சினைவிட ரேடியேட்டர் தாழ்வாக இருக்கும். மூடி ரேடியேட்டரில் இருந்தால் காற்று எஞ்சின் தலையிலேயே தங்கிவிடும். நிரப்பும் மூடி முழு அமைப்பிலும் உயரமான இடத்தில், ஒரு ஹெடர் டேங்க்கில் இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் தட்டில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டு அது மேல்பக்கம் வரும்படி மாட்டினால் காற்று வெளியேற வழி கிடைக்கும். மூடி ஒரு பார், அதாவது சுமார் 15 பி.எஸ்.ஐ. தாங்கினால், வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. மூடி பிடிக்கவில்லை என்றால் நூறிலேயே பொங்கும்.

முள் மட்டும் பொய் சொல்லவும் கூடும். கேஜ் ஒரு கம்பெனி, சென்டர் (சூட்டை அளந்து கேஜுக்கு அனுப்பும் சென்சார்) டோனர் காருடையது என்றால் அளவே ஒத்துப்போகாது. சென்டர் மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் அதன் எர்த் போய்விடும். கழற்றி, அதன் உடலுக்கு எர்த் கொடுத்து, கொதிக்கும் நீரில் முக்கிப் பாருங்கள்.

பிரேக்

இந்தப் பகுதியில் அவசரப்பட்டு எதையும் தாண்டாதீர்கள்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது; எத்தனை முறை ஏர் எடுத்தாலும் போகவில்லை. முதலில் டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பர்களைப் பாருங்கள். காற்றை வெளியேற்றும் ப்ளீட் நிப்பிள் மேலே இருக்கிறதா? இடம் வலம் மாறி மாட்டினால் நிப்பிள் கீழே வந்துவிடும். மேலே நிற்கும் காற்று ஒருநாளும் வராது. டோனரில் டிஸ்க்குக்கு முன்னால் இருந்த கேலிப்பரை கிட்டில் பின்னால் மாட்டச் சொல்லும்போது இது சுலபமாக நடக்கும். மாற்ற முடியாவிட்டால் கேலிப்பரைக் கழற்றி, நிப்பிள் மேலே வருமாறு கையில் பிடித்து, பேட்களுக்கு நடுவே டிஸ்க் கனத்துக்கு மரத்துண்டு வைத்து ஏர் எடுக்க வேண்டும்.

இரண்டு மூன்று முறை மிதித்தபின் பெடல் கெட்டியாகிறது, சற்று ஓடியபின் மறுபடி தாழ்கிறது. இது காற்று அல்ல. டிஸ்க் ஆட்டம் பேட்களைப் பின்னுக்குத் தள்ளுகிறது. டயல் கேஜ் வைத்தால் டிஸ்க்கின் கோணல் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். வீல் பேரிங் ஆட்டம் பாருங்கள். கேலிப்பர் பிராக்கெட் கிட்டோடு வந்தது, ஹப் டோனருடையது என்றால் டிஸ்க் கேலிப்பரின் நடுவில் ஓடுகிறதா என்று இரண்டு பக்கமும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்து, ஷிம் வாஷரால் சரி செய்யுங்கள். பின்னால் டிரம் என்றால் அதை அட்ஜஸ்ட் செய்யாததும் இதே அறிகுறி காட்டும்.

ஒரு இரவு நின்றால் முதல் மிதி ஆழமாகப் போகிறதா? மாஸ்டர் சிலிண்டர் தரைக்கடியில், கேலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் பிரேக் ஆயில் மெல்ல வழிந்து திரும்பிவிடும். டிஸ்க் லைனில் 2 பி.எஸ்.ஐ., டிரம் லைனில் 10 பி.எஸ்.ஐ. ரெசிடுவல் வால்வு (லைனில் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைப்பது) போடுங்கள். இரண்டையும் மாற்றிப் போட்டால் டிஸ்க் எரியும்.

பெடல் கல் மாதிரி, கார் நிற்கவில்லை. டோனரின் பூஸ்டரை விட்டுவிட்டு அதன் பெரிய மாஸ்டர் சிலிண்டரை மட்டும் எடுத்திருப்பீர்கள். 25.4 மி.மீ. போரிலிருந்து (உள்விட்டத்திலிருந்து) 19 மி.மீ.க்கு மாறினால் அதே கால் பலத்துக்கு அழுத்தம் சுமார் 1.8 மடங்கு கூடும். பெடல் பயணமும் அதே அளவு கூடும். பூஸ்டர் இல்லாத காரில் பெடல் விகிதம் 5:1 முதல் 6:1 வேண்டும். பெடல் திரும்பும் அச்சான பிவட்டிலிருந்து பாதத்துக்கும், பிவட்டிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் புஷ்ராடுக்கும் அளந்து வகுத்துப் பாருங்கள்.

ஓட ஓடப் பிரேக் பிடித்துக்கொள்கிறது, வீல் சுடுகிறது. சுடும்போதே அந்த வீலின் நிப்பிளைத் திறங்கள். ஆயில் பீறிட்டு வீல் விடுபட்டால் அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது. புஷ்ராடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவே சுமார் 1 மி.மீ. இடைவெளி இல்லை, பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல் உள்ளே உள்ள சின்னத் துளையை மூடிக்கொண்டே இருக்கிறது. சூட்டில் விரியும் ஆயில் போக இடமில்லை. நிப்பிளைத் திறந்தும் விடுபடவில்லை என்றால் கேலிப்பர் பிஸ்டன் அல்லது ஹேண்ட்பிரேக் கேபிள்.

ஜாயின்ட்டில் கசிவு. இறுக்குவதை நிறுத்திவிட்டு மரையைப் பாருங்கள். எம்10×1 மரையும் 3/8 அங்குல 24 மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். அங்குல நட்டு எம்10 துளைக்குள் ஏறும், லேசாகப் பிடிக்கும், முழு அழுத்தத்தில் பிடுங்கிக்கொண்டு வரும். நட்டின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்தால் ஒன்று 10, இன்னொன்று 9.5. குழாய் முனையும் அப்படித்தான்: 45 டிகிரி இரட்டை ஃபிளேர், டி.ஐ.என். குமிழ் ஃபிளேர், ஏ.என். வகையின் 37 டிகிரி என்று மூன்று விதம். எதுவும் எதற்கும் மாற்று அல்ல. ஃபிளேர் ஜாயின்ட்டில் டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. பான்ஜோ போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் புதுச் செம்பு வாஷர். டாட் 4 பிரேக் ஆயிலில் சிலிகோன் வகையான டாட் 5 கலக்கக் கூடாது. பெயரை மட்டும் பார்த்து அடுத்த தரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பின் வீல்கள் முதலில் பூட்டுகின்றன. கார் சுழன்றுவிடும், அதனால் இதைச் சரி செய்யாமல் சாலைக்கு எடுக்காதீர்கள். டோனரின் பின் பிரேக் அதன் எடைக்குச் செய்தது. கிட் கார் அதில் பாதிதான் இருக்கும். முன், பின் பிரேக்குக்குக் கால் பலத்தைப் பங்கிடும் பேலன்ஸ் பாரை முன் பக்கம் திருப்புங்கள். போதாவிட்டால் பின் மாஸ்டர் சிலிண்டரைப் பெரிய போருக்கு மாற்றுங்கள். பெரிய போர் அழுத்தத்தைக் குறைக்கும், கூட்டாது. முழுப் பலத்தில் மிதிக்கும்போது பார் புஷ்ராடுகளுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சோதனை காலியான, காய்ந்த இடத்தில், மணிக்கு 40 கி.மீ.யில் தொடங்கட்டும்.

ரிவர்ஸ் போட்டால் பல் அரைக்கிறது

பின் வீல்களைத் தூக்கி, எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்ச்சை மிதிக்கச் சொல்லி, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் திருப்புங்கள். சுலபமாகத் திரும்பவில்லை என்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை.

ஹைட்ராலிக் கணக்கைப் போடுங்கள். 16 மி.மீ. மாஸ்டர் 28 மி.மீ. ஓடினால் கிளட்ச்சைத் தள்ளும் 22 மி.மீ. ஸ்லேவ் சிலிண்டர் சுமார் 15 மி.மீ. மட்டுமே நகரும். டோனரில் ஸ்லேவ் எவ்வளவு நகர்ந்ததோ அது கிடைக்கிறதா என்று பாருங்கள். இன்னொருவரை மிதிக்கச் சொல்லி பெடல் பாக்ஸ் மாட்டிய தகட்டைக் கவனியுங்கள். தகடு 3 மி.மீ. வளைந்தால், விகிதத்தால் பெருகி, பெடல் பயணத்தில் பெரும் பங்கு அங்கேயே வீணாகிவிடும்.

கணக்கு சரி, கிளட்ச் விடுகிறது, ஆனால் எஞ்சின் ஓடும்போது மட்டும் அரைக்கிறது என்றால் கிராங்க் முனையில் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் இல்லை, இறுகியிருக்கிறது, அல்லது வேறு அளவு. கிளட்ச் தட்டு முன்பின் மாறியிருந்தாலும் இப்படித்தான். இரண்டுக்கும் கியர்பாக்ஸ் இறங்கவேண்டும்.

கியர்பாக்ஸைச் சேர்க்கும்போது பெல்ஹவுசிங் கை பலத்திலேயே பிளாக்கில் ஒட்டவேண்டும். 6, 8 மி.மீ. இடைவெளி நிற்கிறதே என்று போல்ட்டால் இழுத்தால் காது உடையும், இல்லையேல் கிராங்க் த்ரஸ்ட் பேரிங் போகும். வேறு கம்பெனி பெல்ஹவுசிங் என்றால் அதன் மையத் துளைக்கு டயல் கேஜ் வைத்து, முழுச் சுற்றில் முள் 0.13 மி.மீ.க்கு மேல் ஆடினால் மையம் விலகிய டவல் பின் போட்டு மையப்படுத்துங்கள். விட்டுவிட்டால் கியர் தானாக நழுவும், பைலட் பேரிங் அடிக்கடி போகும்.

ஸ்டியரிங்

திருப்பும்போது ஒரு இடத்தில் கனம், ஒரு இடத்தில் லேசு, மறுபடி கனம். ராக்கைக் குறை சொல்லாதீர்கள். ஸ்டியரிங் தண்டுக்கும் ராக்குக்கும் நடுவே உள்ள இரண்டு யூனிவர்சல் ஜாயின்ட்கள் ஒன்றையொன்று சரிக்கட்டவில்லை. 30 டிகிரி கோணத்தில் ஒரு ஜாயின்ட்டின் வேகம் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஊசலாடும். 10 டிகிரியில் இது ஒன்றரை சதவீதம்தான். நடு ஷாஃப்ட்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில், இரண்டு கோணமும் சமமாக இருந்தால் ஒன்றின் ஊசலை மற்றொன்று அழித்துவிடும். ஸ்ப்ளைனில் ஒரு கவையைக் கால் சுற்று மாற்றி மாட்டியதுதான் பெரும்பாலும் காரணம்.

வளைத்தபின் தானாக நேராகாமல் மிதக்கிறதென்றால் காஸ்டர், அதாவது முன் வீல் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம், போதவில்லை. பவர் இல்லாத ஸ்டியரிங்குக்கு 3 முதல் 5 டிகிரி வரை வைத்துப் பாருங்கள். லோட்டஸ் செவன் வகையில் 600 கிலோவுக்கும் குறைவான காருக்கு டோனரின் 32 பி.எஸ்.ஐ. காற்றடித்து, ரோட்டில் துள்ளுகிறது என்று ஸ்பிரிங் மாற்றக் கிளம்ப வேண்டாம். 18 முதல் 22 பி.எஸ்.ஐ. போதும்.

மேடு பள்ளத்தில் கார் தானாகப் பக்கம் தாவினால் பம்ப் ஸ்டியர். ஸ்பிரிங்கைக் கழற்றி, ராக்கை நடுவில் பூட்டி, ஹப்பில் ஒரு நேர்ப்பலகை மாட்டி, ஜாக்கியால் 10 மி.மீ. படிகளில் 50 மி.மீ. மேலும் 50 மி.மீ. கீழும் நகர்த்தி ஒவ்வொரு படியிலும் டோ அளவை, அதாவது வீல் உள்ளேயோ வெளியேயோ திரும்பும் அளவைக் குறியுங்கள். வரைபடம் சாய்ந்த நேர்கோடாக வந்தால் ராக்கின் உயரம் தவறு. ஷிம் போட்டோ டை ராட் முனையை ஏற்றி இறக்கியோ சரி செய்யலாம். வில் மாதிரி வளைந்து வந்தால் ராக்கின் அகலம், வீலைத் தாங்கும் விஷ்போன் கைகளுக்குப் பொருந்தவில்லை. ஷிம் இதற்கு மருந்தல்ல.

டோ, காஸ்டர் எல்லாவற்றையும் டிரைவர் சீட்டில் 75 கிலோ மணல் மூட்டை, பாதி டேங்க் பெட்ரோல் வைத்து அளக்க வேண்டும். ரப்பர் புஷ் போல்ட்களையும் அந்த உயரத்தில்தான் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு காரைத் தூக்கிப் பிடிக்கும். ஒரு பக்கம் உயரமாக நிற்கும் காரில் ஸ்பிரிங்கை மாற்றும் முன் அத்தனை புஷ் போல்ட்டையும் தளர்த்தி, காரை நாலு முறை அமுக்கிவிட்டு, திரும்ப இறுக்கிப் பாருங்கள்.

ஒரு வேகத்தில் அதிர்வு

அதிரும் வேகத்தில் நியூட்ரல் போட்டு எஞ்சினை ஐடிலுக்கு விடுங்கள். அதிர்வு போனால் எஞ்சின், கிளட்ச் பக்கம். அப்படியே இருந்தால் வீல் அல்லது புரொப்பெல்லர் ஷாஃப்ட். இந்த இரண்டையும் உடம்பே பிரித்துச் சொல்லும். டயர் சுற்றளவு 2 மீட்டர் என்றால் மணிக்கு 100 கி.மீ.யில் வீல் நொடிக்கு 14 முறை சுற்றும், 3.55 விகித ஆக்சிலில் ஷாஃப்ட் 49 முறை. ஸ்டியரிங் தடதடத்தால் வீல். சீட்டிலும் தரையிலும் ‘விர்ர்’ என்று வந்தால் ஷாஃப்ட்.

கோப்ராவின் வீல்பேஸ் 90 அங்குலம்தான். பெரிய எஞ்சினும் கியர்பாக்ஸும் போக ஷாஃப்ட்டுக்கு மிஞ்சுவது ஒரு சாண், ஒன்றரைச் சாண். 300 மி.மீ. ஷாஃப்ட்டில் 15 மி.மீ. உயர வித்தியாசமே கிட்டத்தட்ட 3 டிகிரி. கியர்பாக்ஸ் வெளி ஷாஃப்ட்டும் டிஃபரன்ஷியல் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக, அரை டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் கோணம் 1 முதல் 3. பூஜ்யமும் நல்லதல்ல, ஊசி பேரிங் அசையாமல் ஒரே இடத்தில் தேயும். மேலிருந்து பார்க்கும்போது பக்கவாட்டுக் கோணமும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். கியர்பாக்ஸுக்குள் வழுக்கி நுழையும் ஸ்லிப் யோக் முழுதாக உள்ளே போனபின் 20 மி.மீ. வெளியே இழுத்த நிலையில் இருக்கட்டும். முட்டினால் கியர்பாக்ஸின் பின் பேரிங்தான் அடி வாங்கும்.

பாடி

கார் ஸ்டாண்டில் இருந்தபோது கச்சிதமாக இருந்த கதவுச் சந்து, தரையில் இறக்கியதும் ஒரு மூலையில் இடிக்கிறது. சேஸிஸ் தன் எடையில் கொஞ்சம் வளையும். சந்து சரிபார்ப்பதெல்லாம் நாலு வீலில், எஞ்சின் ஏறியபின். போல்ட்டைச் சுற்றி நட்சத்திர விரிசல் வந்தால் துளை இறுக்கமாக இருக்கிறது; 1 மி.மீ. பெரிதாக்கி, அகல வாஷரும் ரப்பரும் போடுங்கள். ஃபைபரின் மேற்பூச்சான ஜெல்கோட்டில் துளையிடும்போது டேப் ஒட்டி, டிரில்லை முதலில் தலைகீழாகச் சுற்றவிட்டால் சில்லு தெறிக்காது. அலுமினியத் தகடு எஃகுக் குழாயைத் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்தால் நடுவே சீலன்ட் இல்லாமல் ரிவிட் அடித்திருக்கிறீர்கள். ரிவிட்டைத் துளைத்தெடுத்து, பாலியூரித்தேன் சீலன்ட் பூசி மறுபடி அடிக்க வேண்டும்; மேலே தடவி மூடினால் உள்ளே அரித்துக்கொண்டே போகும்.

எங்கிருந்தோ சத்தம், எங்கே என்று தெரியவில்லை

முதல் 80 கி.மீ.க்குப் பின் எல்லா போல்ட்டுக்கும் மறுபடி டார்க் ரெஞ்ச் வையுங்கள். கிட் கையேட்டில் அளவு இல்லாவிட்டால் 8.8 தர போல்ட்டுக்கு எம்8 – 25, எம்10 – 50, எம்12 – 85 நியூட்டன் மீட்டர் சுமாராகச் சரி. பவுடர் கோட்டிங் மேல் இறுக்கிய போல்ட்கள்தான் முதலில் தளரும், ஏனென்றால் நடுவில் இருக்கும் பூச்சு நசுங்கிவிடுகிறது. விஷ்போன் பிராக்கெட், ராக் மவுண்ட், ஆல்டர்னேட்டர் பிராக்கெட் மூன்றையும் முதலில் பாருங்கள். நைலாக் நட்டைக் கழற்றினால் புதியது போடுங்கள், நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரியட்டும். இறுக்கியதும் நட்டிலிருந்து பிராக்கெட் வரை ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிட்டால், அடுத்த தடவை கோடு உடைந்திருக்கும் இடத்தில் மட்டும் ஸ்பேனர் வைத்தால் போதும்.